நோயாளிப் பிள்ளையின் பாடம்: ஒரு சட்டச் சொல்லின் வரலாறு

சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி, அதற்குமேல் அதில் படிக்க எதுவுமில்லை என்று முடித்துவிடும் பழக்கம் நம் கூட்டங்களில் இன்னும் போகவில்லை. கருவிதான். ஆனால் அந்தக் கருவியில் ஒரு வினைச்சொல் மாறுவதற்கு எத்தனை ஆண்டுகள் பிடித்தன, அதுவரை யார் விலை கொடுத்தார்கள் என்று பார்க்காமல் விடுவதும் அரசியலாகாது. வைத்தியசாலையில் மாதக்கணக்காகக் கிடக்கும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது யாருடைய பொறுப்பு? இந்த எளிய கேள்விக்குச் சரியான மறுமொழி சொல்ல இங்கிலாந்துக்கு ஏறக்குறைய நூறாண்டுகள் தேவைப்பட்டன.

1899ஆம் ஆண்டின் சட்டம் உடல் ஊனமுற்ற, வலிப்பு நோயுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி ஒழுங்கு செய்யலாம் என்றது. 'செய்யலாம்' - அவ்வளவுதான். செய்யாவிட்டால் கேட்பாரில்லை. அந்த இடைவெளியில் தருமம் புகுந்தது. 1903இல் கிரேஸ் கிம்மின்ஸ் என்ற பெண்மணி லண்டன் சேரிகளிலிருந்து ஏழு பையன்களைக் கூட்டிச்சென்று சசெக்ஸ் மாவட்டத்துச் செய்லியில் கைத்தொழிற் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். 1908இல் ஓல்டனில் ட்ரெலோவர் வைத்தியசாலை திறக்கப்பட்டது. எலும்பைப் பிடித்த காசநோயால் ஆண்டுக்கணக்கில் படுத்திருந்த பிள்ளைகள் இத்தகைய இடங்களில் வைத்தியமும் படிப்பும் ஒருங்கே பெற்றனர். இதைக் கருணை என்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கருணைக்கும் ஒரு பாடத்திட்டம் இருந்தது: ஏழைப் பிள்ளை பிறர் கையை எதிர்பாராமல் உழைத்துச் சாப்பிட வேண்டும். பையனுக்குத் தச்சு, பெண்ணுக்குத் தையல். தத்துவமோ கணிதமோ யாருக்கும் நினைவு வரவில்லை!

இரண்டாம் உலகப்போரின் பின் நிலைமை தலைகீழாகியது. காசநோய்க்கு மருந்து வந்தது. நீண்டகாலப் படுக்கைகள் காலியாகின. 1959இன் பிளாட் அறிக்கை, பெற்றோர் தடையின்றிப் பிள்ளையைப் பார்க்க வேண்டும், சிறு பிள்ளையோடு தாய் தங்க வேண்டும் என்றெல்லாம் வற்புறுத்தியது. நல்ல மாற்றங்கள்தான். இரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொண்டால், 1960களின் தொடக்கத்தில் அந்நோய் கண்ட பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட ஐந்தாண்டு உயிர்வாழவில்லை. இன்று அதன் மிகப் பரவலான வகையில் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கின்றனர். ஆனால் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். சில நாட்கள் வைத்தியசாலை, சில வாரங்கள் வீடு, தொற்றுக்குப் பயந்து பாடசாலை இல்லை, பிறகு மீண்டும் வைத்தியசாலை.

சிக்கல் இங்கேதான். பழைய முறை ஒரே கட்டிலில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பிள்ளைக்காக உருவானது. இந்தப் புதிய பிள்ளையோ எந்தக் கட்டிலுக்கும் சொந்தமில்லாதவள். வைத்தியசாலைகள் 1948இல் தேசிய சுகாதார சேவையின் கைக்குப் போயின. கல்வியோ உள்ளூராட்சிச் சபைகளிடம் இருந்தது. வாழப்போகிற, பரீட்சை எழுதப்போகிற பிள்ளை இரண்டு நிர்வாகங்களுக்கும் நடுவில் நின்றாள். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, அசாதாரணச் சூழ்நிலையில் பாடசாலைக்கு வெளியே பாடம் நடத்தச் சபைகளுக்கு 'அதிகாரம்' கொடுத்தது. மறுபடியும் 'செய்யலாம்'தான். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 298ஆம் பிரிவிலேதான் அது 'செய்யவேண்டும்' ஆனது. 1996இன் சட்டத்தில் இது 19ஆம் பிரிவாக இடம்பெற்றது.

சொல் மாறினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்கலாம். கிழக்கு சசெக்ஸ் சபை அதே கேள்வியைத் தன் பாணியில் கேட்டது. நீடித்த களைப்பைத் தரும் எம்.ஈ. நோயால் பாடசாலை போகமுடியாத ஒரு சிறுமிக்கு வாரம் ஐந்து மணிநேரம் வீட்டில் பாடம் நடந்துவந்தது. 1996இல் அதைச் சபை மூன்று மணிநேரமாகக் குறைத்தது. பிள்ளை குணமானதால் அல்ல, வரவு செலவில் துண்டு விழுந்ததால்! வழக்கு மேன்முறையீட்டில் தோற்று, பிரபுக்கள் சபைவரை போனது. 1998 மே மாதம் நீதிபதிகள் ஒருமனதாகச் சிறுமியின் பக்கம் தீர்த்தனர். 'தகுந்த கல்வி' எது என்பதைப் பிள்ளையின் நிலையை வைத்தே தீர்மானிக்கவேண்டும். பணமில்லை என்ற சாட்டை உள்ளே விட்டால் சட்டம் விதித்த கடமை வெறும் விருப்பாகச் சரிந்துவிடும் என்பது தீர்ப்பின் சாரம். வேண்டுமானால் சபை, கட்டாயமில்லாத வேறு செலவுகளிலிருந்து பணத்தை மாற்றிக்கொள்ளட்டும் என்றும் சொல்லப்பட்டது. நான் அறிந்தவரை, ஏழைப் பிள்ளையின் படிப்பைப் பற்றி அந்தச் சபையிலிருந்து வந்த மிகத் தெளிவான வசனங்கள் இவை.

அகதிகளான நமக்கு இதில் ஒரு குறிப்பு உண்டு. அந்தப் பிரிவின் வாசகத்தில் பிரசை, அகதி என்ற பேதமில்லை. 'கட்டாயக் கல்வி வயதிலுள்ள பிள்ளை' என்பதே அளவு. விசாவுக்குக் கேடு வந்துவிடுமோ என்று வாய்திறக்கத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். நோயின் பெயரையே உறவினருக்கு மறைப்பவர்களும் உள்ளனர். பிறகு பாடத்தைப் பற்றி யாரிடம் பேசுவது? 2013இல் அரசு வெளியிட்ட வழிகாட்டி, சுகவீனத்தால் பிள்ளை 15 நாட்களோ அதற்கு மேலோ பாடசாலைக்கு வரமுடியாது என்பது தெளிவானவுடனேயே சபை ஒழுங்குகளைச் செய்யவேண்டும் என்கிறது. வைத்தியரின் கடிதத்தோடு கேட்கவேண்டிய இடம் சபையின் கல்விப் பிரிவு.