வாங்காமையும் சட்டமும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குவதும், வேண்டாமென்று விட்டு வருவதும் அவரவர் விருப்பம். இதில் சட்டத்துக்கு என்ன வேலை என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், ஓர் ஊரார் அனைவரும் ஓர் அரசியல் நோக்கம் கருதி, இன்ன நாட்டுப் பொருளை வாங்குவதில்லை என்று உறுதி பூண்டால், அந்த விருப்பமே அரசாங்கம் அஞ்சத்தக்க படைக்கலமாகிவிடுகிறது. நம்மில் பலர் இன்று குடியேறி வாழும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் அப்படைக்கலம் ஓங்கப்பெற்ற வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம்.

வங்கத்தைக் கூறுபோடக் கர்ஸன் பிரபு முற்பட்டபோது, 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் திரண்டு, ஆங்கிலப் பொருள்களைப் பகிஷ்கரிப்பதெனத் தீர்மானம் செய்தனர். மான்செஸ்டர் துணியும் லிவர்ப்பூல் உப்பும் விலக்கப்பட்டன. துணி வாங்காதவனைத் தண்டிக்கச் சட்டம் ஏது? ஆதலின் சர்க்கார் வேறு வழி தேடிற்று. மாணவர்கள் மறியலில் கலந்துகொண்டால் அவர்கள் பயிலும் பள்ளிக்கு மானியமும் உபகாரச் சம்பளமும் நிறுத்தப்படும் என்று அவ்வாண்டு அக்டோபரில் சுற்றறிக்கை பிறந்தது.

தூத்துக்குடியிலும் இதே நிலைதான். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியில் மக்கள் விரும்பி ஏறினர். எதிர்த்து நின்ற ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை மிகக் குறைத்துப் பார்த்தது. பயணி எந்தக் கப்பலில் ஏறுவது என்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இயலவில்லை. பேச்சைக் கட்டுப்படுத்த இயன்றது. 1908-இல் இராஜத்துரோகக் குற்றம் சாட்டி அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தனர். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்ததெனினும், தலைவரை இழந்த கம்பெனி நிலைக்கவில்லை.

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. அன்னியத் துணி மலிவு. சுதேசித் துணி விலை கூடுதல். வசதியுள்ளவர் அந்த வேறுபாட்டைத் தாங்கினர். அரை வயிற்றுக் கஞ்சி குடிப்பவன் எப்படித் தாங்குவான்? வங்கத்துச் சிற்றூர்ச் சந்தைகளில் ஏழை வியாபாரிகளின் சரக்கு நெருப்புக்கிரையானதும், வாங்க விரும்பியவர் அச்சுறுத்தப்பட்டதும் உண்டு. தொடக்கத்தில் சுதேசி இயக்கத்துக்காகப் பாட்டியற்றிய இரவீந்திரநாத தாகூரே இதைக் கண்டு மனம் நொந்தார். 1916-இல் நூலாக வெளிவந்த அவருடைய ‘கரே பாய்ரே’ நாவல் அந்த நோவிலிருந்து பிறந்ததே.

1930-இல் காந்தியடிகளின் இயக்கத்தோடு பகிஷ்காரம் மீண்டும் எழுந்தது. பெண்கள் துணிக்கடை வாயில்களில் நின்று கைகூப்பி வேண்டினர். பம்பாயில் அன்னியத் துணி ஏற்றி வந்த லாரியைத் தடுக்க முன்நின்ற ஆலைத் தொழிலாளி பாபு கேனு, அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் நாள் அதன் சக்கரத்தில் நசுங்கி உயிர் துறந்தார். மறியலை ஒடுக்க வைஸ்ராய் அவசரச் சட்டங்களைப் பிறப்பித்தார்.

பின்னர் 1931 மார்ச்சு 5-ஆம் நாள் கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தம் இச்சிக்கலை நேர் நின்று ஆராய்ந்தது. உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் பிரசாரத்தையும், பிரிட்டிஷ் பொருளை மட்டும் குறிவைத்து அரசியல் நெருக்கடி தரும் பகிஷ்காரத்தையும் அது வேறு பிரித்தது. முன்னதற்குத் தடையில்லை, பின்னது கைவிடப்பட வேண்டும். மறியல் செய்யலாம், ஆனால் பலவந்தம், மிரட்டல், வழிமறித்தல், பகைமைக் கூச்சல் ஆகியவை கூடா. அவை நிகழ்ந்த இடத்தில் மறியலையே நிறுத்திவைக்க வேண்டும். பரபரப்பில் பிரிட்டிஷ் சரக்கை விட்டவர் மீண்டும் வாங்கவோ விற்கவோ விரும்பினால், அவரைத் தடுக்கலாகாது. இந்த அமைதியும் நீடிக்கவில்லை. 1932 ஜனவரியில் பகிஷ்காரத்தைத் தடுக்கவென்றே தனியோர் அவசரச் சட்டம் வந்தது.

அவசரச் சட்டங்கள் காலாவதியாகிவிட்டன. ஒப்பந்தம் வரைந்த எல்லைக்கோடோ இன்றும் பொருளுடையது. இன்று நமக்குப் பிடிக்காத கொள்கையுடைய நிறுவனத்தின் பொருளை நாம் விலக்கலாம். விலக்குமாறு பிறரிடம் எடுத்துரைக்கலாம். ஆனால் மிரட்டலும் வழிமறித்தலும் குற்றமே. பழைய தண்டனைச் சட்டத்தில் அவ்வாறு இருந்ததே 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது. சாதிப் பஞ்சாயத்துகள் ஒரு குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கலை அறுத்து ஒதுக்கிவைக்கும் கொடுமையைத் தடுக்க, மகாராஷ்டிரச் சட்டமன்றம் 2016-இல் தனிச்சட்டமே இயற்றியிருக்கிறது.

பிறமொழியார் நடுவே கடை வைத்தும் வேலை பார்த்தும் வாழும் நமக்கு இந்த எல்லைக்கோடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. இன்று நாம் கடை வாயிலில் நின்று, வாங்க வேண்டாமென்று சொல்பவராக இருக்கலாம். நாளை அக்கடைக்குள் அமர்ந்து, வாடிக்கையாளரை எதிர்நோக்கும் வியாபாரியாகவும் இருக்கலாம். இரு நிலையிலும் நம்மைக் காப்பது ஒன்றே: வேண்டிக்கொள்ளும் உரிமை எனக்கு, முடிவு செய்யும் உரிமை உனக்கு. கூப்பிய கைக்கு வரலாறு தலைவணங்குகிறது. ஓங்கிய கையை அது மன்னிப்பதில்லை.