மாத்தளைத் தோட்டங்களிற் கட்டிளமைப் பருவம்: ஒரு வரலாற்று நோக்கு

சொற்கேளாப் பிள்ளையைப் பற்றிய பெற்றோரின் மனக்குறை எக்காலத்துக்கும் உரியது. எனினும், கட்டிளமையைத் தனியொரு பருவமாகக் கொண்டு ஆராயும் வழக்கம் அண்மைக்காலத்தது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹோல் 1904 இல் வெளியிட்ட நூல் இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுகின்றது. கொந்தளிப்பும் எதிர்ப்பும் இப்பருவத்தின் இயல்பென்பது அவர் கொள்கை. ஆயின், அத்தகைய பருவம் உருவாவதற்குப் பிள்ளை உழைப்பினின்றும் விடுபட்டிருத்தல் வேண்டும். மாத்தளை மாவட்டத் தோட்டக் குடும்பங்களுக்கு அந்நிலை எப்போது வாய்த்தது, அது பெற்றோர்–பிள்ளை உறவை எவ்வாறு மாற்றியது என்பனவே ஈண்டு நோக்கப்படுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் கால்நடையாக வந்த தொழிலாளருக்கு மலைநாட்டின் தலைவாயிலாக அமைந்தது மாத்தளை. எல்கடுவை, இரத்தோட்டை, கம்மடுவை முதலிய இடங்களில் எழுந்த தோட்டங்களில் அவர்கள் குடியேறினர். அங்கு குடும்பத்தின் தலைமை பெயரளவில் தந்தையிடமும் நடைமுறையிற் கங்காணியிடமும் இருந்தது. குடும்பத்தின் கடன் கங்காணியின் கையில் இருந்தது. 1921 இல் ஒழிக்கப்படும்வரை, துண்டு முறை அக்கடனோடு தொழிலாளரைப் பிணைத்து வைத்தது. வேலைக்கு வரும் ஆட்களின் தொகைக்கேற்பக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தமையால், சிறுவனொருவன் பிரட்டுக்கு வருவதும் வராததும் அவருடைய வருமானத்தைப் பொறுத்த விடயமாயிற்று. ஆகவே, பிள்ளையை அடக்கும் பொறுப்பில் தந்தைக்கு முன்னர் தோட்டமே நின்றது.

சட்டங்களும் இந்நிலையையே காட்டுகின்றன. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆறு முதல் பத்து வயது வரையான கல்வியையே விதித்தது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. ஆண், பெண், பிள்ளை என மூவகைக் கூலிக்கும் அது இடமளித்தது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பள்ளி முடியும் வயதே பிரட்டுத் தொடங்கும் வயது. இடையில் கட்டிளமைக்கு இடமிருக்கவில்லை.

1970களில் தோட்டங்களும் தோட்டப் பாடசாலைகளும் அரசின் பொறுப்பிற்கு வரத் தொடங்கின. 1998 இல் ஐந்து முதல் பதினான்கு வயது வரையும், 2016 முதல் பதினாறு வயது வரையும் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2021 இல் தொழிலுக்கான குறைந்தபட்ச வயதும் பதினாறாக உயர்ந்தது. வரவேற்கத்தக்க இம்மாற்றங்கள் குடும்பத்தினுள் புதியதொரு சிக்கலையும் தோற்றுவித்தன. பதினைந்து வயதில் உழைக்காது வினா எழுப்பும் மகனையோ மகளையோ நடத்துவதற்குப் பெற்றோரிடம் முன்மாதிரி எதுவும் இருக்கவில்லை. அவர்கள் கண்டறிந்த அதிகாரம் துரையினதும் கங்காணியினதும் அதிகாரமே. அதட்டலும் அடியும் அதன் மொழி. பத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட லயத்து அறையிற் சினந்தவன் ஒதுங்குவதற்கு மூலையுமில்லை. இந்நிலையில் ஒதுங்க விழைபவன் கொழும்புக் கடைகளை நாடிச் செல்வது வியப்பன்று.

அரசு காட்டிய வழி யாது? 1939 ஆம் ஆண்டின் பிள்ளைகள், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், தம் பிள்ளையைக் கட்டுப்படுத்த இயலாத பெற்றோர் நீதிமன்றத்தை நாடலாம் என்றது. நீதிமன்றம் அப்பிள்ளையை அங்கீகரிக்கப்பட்ட பாடசாலைக்கு அனுப்பலாம். அன்றி நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடலாம். முன்னது பிள்ளையை வீட்டினின்றும் அகற்றுவது; பின்னது வீட்டிலேயே வைத்துத் திருத்த முனைவது. இவற்றுள் பின்னதே மேலானதென்பது தெளிவு. ஆயினும், கங்காணியின் இடத்தில் நீதிமன்றத்தை நிறுத்துவதால் மட்டும் தந்தைக்கு இழந்த இடம் மீளாது.

எதிர்த்துப் பேசும் பிள்ளையைக் கண்டு, 'எங்கள் காலத்தில் இப்படியில்லை' என்று பெற்றோர் கூறுவதுண்டு. அக்கூற்று உண்மையே, ஆனால் அதன் காரணம் அன்றைய பிள்ளைகளின் பணிவன்று, அவர்களுக்குப் பருவமே மறுக்கப்பட்டமையாகும். எனவே, இன்றைய முரண்பாட்டை ஒழுக்கச் சீர்கேடாக மட்டும் கொள்ளுதல் வரலாற்றை மறப்பதாகும். தமக்குக் கிடைக்காத ஒரு பருவத்தைத் தம் பிள்ளைகள் கடக்கின்றனர் என்பதைப் பெற்றோரும், அப்பெற்றோர் எவ்வித அனுபவமுமின்றி அதனை எதிர்கொள்கின்றனர் என்பதை ஆசிரியரும் உணர்தல் வேண்டும். கங்காணி முறை சட்டத்தால் நலிந்தது. லயத்து அறையில் எஞ்சியுள்ள அதன் பிரம்பைக் கீழே வைப்பிப்பது சட்டத்தால் மட்டும் ஆகக்கூடிய காரியமன்று.