மும்பையின் பழைய கட்டடங்கள் ஏன் இடிகின்றன?

மழைக்காலம் வந்தாலே மும்பையிலிருந்து ஒரு செய்தி வரும்: பழைய கட்டடம் இடிந்து விழுந்தது, உள்ளே ஆட்கள் இருந்தார்கள். அந்த மண்ணோ கோடிக்கணக்கில் விலை போகுது. அதுமேல நிக்கிற கட்டடத்தை ஏன் யாருமே ரிப்பேர் பண்ணல? இன்னைக்கு அந்தக் கதைதான்.

கிர்காவ், லால்பாக் பக்கம் போனா 'சால்' என்கிற குடியிருப்புகளைப் பார்க்கலாம். நீளமான வராண்டா, வரிசையா சின்னச் சின்ன அறைகள், பொதுக் கழிப்பறை. மில் வேலை தேடி வந்தவர்களை நம்பி, வசதியானவர்கள் முதலீடாகக் கட்டியவை இதுல நிறைய. கணக்கு சிம்பிள்: வாடகை வரும், அதில் ஒரு பங்கு கூரைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் போகும், மிச்சம் லாபம்.

அந்தக் கணக்கை மாத்தினது வாடகைக் கட்டுப்பாடு. முதல் உலகப் போர் சமயத்தில், 1918இல் ஒரு சட்டம் வந்தது. பிறகு 1947இல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1 அன்று என்ன வாடகையோ அதையே அளவாக வைத்தது. அன்னைக்கு அது நியாயம்தான். போர் முடிந்த கையோடு பிரிவினை, ஊரில் இடமே இல்லை. ஓனர் வாய்க்கு வந்ததைக் கேட்டால் ஏழை எங்கே போவார்? ஆனா தற்காலிகமா வந்த சட்டத்தை நீட்டிச்சுக்கிட்டே போனாங்க. சிமெண்ட் விலை ஏறுது, கொத்தனார் கூலி ஏறுது, வாடகை மட்டும் அங்கேயே நிக்குது.

ஓனர் கைவிட்டார். குடியிருப்பவர் செலவு பண்ணலாமே? சுவர் அவருடையது இல்லையே! நடுவில் 'பக்டி' என்ற வழக்கம் வளர்ந்தது. உள்ளே வரும்போது ஒரு பெரிய தொகை, அப்புறம் பேருக்கு வாடகை. வேறொருவருக்குக் கைமாற்றினால் ஓனருக்கும் பங்கு. ஆக, பணம் கைமாறும்போதுதான் கிடைச்சது. பராமரிச்சா யாருக்கும் பெருசா எதுவும் வரல.

1969இல் அரசு இறங்கியது. 19,642 கட்டடங்களுக்கு ரிப்பேர் வரி போட்டு, அந்தப் பணத்தில் ஒரு வாரியமே பழுது பார்க்கும் என்று சட்டம். வசூலை விட விரிசல்கள் அதிகம். 1991இல் இன்னொரு விதி: பழசை இடித்து, குடியிருந்தவர்களுக்கு இலவசமா வீடு கொடுத்தால், பில்டர் கூடுதலா கட்டி விற்கலாம். இப்போ பூசி வைக்கிறதை விட இடிக்கிறதுதான் லாபம்.

உறைந்த வாடகை நியாயமில்லை என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1999 சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வைக் கொடுத்தது. மாசம் 100 ரூபாய் வாடகைன்னா, கூடுவது 4 ரூபாய்!

வாடகையைக் கட்டிப்போட்டது குடியிருப்பவரைக் காப்பாத்தத்தான். ஆனா கூரையை மாத்துற காசு எங்கிருந்து வரும் என்று அந்தச் சட்டம் யோசிக்கல. கடைசியில் கூரை விழுந்தது அதே குடியிருப்பவர் தலையில்தான்.

முதலீட்டுக்காக வீடு பார்க்கிறவங்க இதை மனசுல வெச்சுக்கோங்க. விலை, வாடகையோட சேர்த்து இதையும் கேளுங்க: பத்து வருஷம் கழிச்சு இந்தச் சுவரைப் பூச யார் காசு கொடுப்பாங்க?