கொல்லி மலையும் அறப்பள்ளியும்

குடமுழுக்கு விழா மலர்களில் தலங்களின் வரலாற்றை எழுதுதல் நெடுநாளைய வழக்கம். தலம் என்ற அளவில் நம் நினைவுக்கு வருவன கருவறையும், விமானமும், திருமதிலும், திருக்குளமுமே. ஆயின், திருக்கோயிலைத் தாங்கி நிற்பது நிலம். அந்நிலத்தைக் காத்து நிற்போர் குடிகள். இவ்விரண்டும் கூடிய வழியே ஒரு தலம் தலமாகும். இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டும் மலைநாடு ஒன்று நம் தமிழகத்தில் உளது. அதுவே வல்வில் ஓரி ஆண்டதும், அப்பர் பெருமான் திருவாக்கில் இடம்பெற்றதுமாகிய கொல்லி மலை.

மலையின் அமைப்பு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கொல்லி மலை நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது. 1997 ஆம் ஆண்டு அம்மாவட்டம் பிரிக்கப்படுமுன் இது சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. மலைமேற் பரப்பு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும் வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறி முடிந்தபின் காண்பது கூரிய சிகரமன்று. ஏற்றமும் இறக்கமுமாக விரிந்த மேட்டுநிலம், பள்ளங்களில் நெல்வயல், சரிவுகளில் புன்செய், இடையிடையே சோலை.

இம்மலையின் நீரைத் திரட்டிக்கொண்டு ஓடுவது ஐயாறு. அறப்பள்ளீசுரர் திருக்கோயிலுக்கு அணித்தே அது ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து வீழ்கின்றது. அவ்வருவியை ஆகாய கங்கை என மக்கள் வழங்குவர். திருக்கோயிலிலிருந்து அருவியடிக்கு இறங்க ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உள்ளன. அங்கு வீழ்ந்த நீர் புளியஞ்சோலை வழியே திருச்சிராப்பள்ளிச் சீமையின் கழனிகளுக்குப் பாய்கின்றது. எனவே, மலைமேல் ஒரு சோலை அழியின் கீழே ஒரு வயல் வாடும் என்பது இங்கே கண்கூடு.

ஓரியின் கொடை

சங்கச் சான்றோர் கொல்லியைப் பலகாலும் பேசினர். பலா மிகுந்த மலை என்றும், அதன் மேற்குப் புறத்தே தெய்வம் அமைத்த பாவை ஒன்று உண்டென்றும் நற்றிணைப் பாடல்கள் குறிக்கின்றன. அதுவே கொல்லிப் பாவை. பலா இன்றும் இம்மலையின் செல்வமாக நிற்கின்றது.

இம்மலைக்குத் தலைவனாய் விளங்கியவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி. புறநானூற்றில் வன்பரணர் அவன் வேட்டையைப் பாடியுள்ளார். அவன் எய்த ஓர் அம்பு யானையையும், புலியையும், மானையும், பன்றியையும் ஊடுருவிச் சென்று புற்றிலிருந்த உடும்பில் தைத்தது என்பது அப்பாட்டின் செய்தி. அவ்வில்லாண்மையை வியப்போர் பலர். யாம் இங்கே நினைவூட்ட விழைவது அதற்கு அடுத்த பகுதியை. காட்டிடையே வேட்டுவனாய் நின்ற அவனைப் பாணர் கூட்டம் இன்னான் என்று அறியாது பாடிற்று. பாட்டினிடையே கோ என்ற சொல் வந்தபோது, அது தன்னைக் குறித்ததாகலின், அவன் நாணினான். நாணியவன் வாளாவிருக்கவில்லை, வேட்டையில் கிடைத்த ஊனும், மலையிற் கிடைத்த பொன்னும் மணியும் அவர்க்கு வழங்கினான். புகழ் வரும்போது நாணியும், கொடுக்கும்போது நாணாதும் நின்ற அவ்வுள்ளமே வள்ளன்மை.

பின்னர், மலையமான் திருமுடிக்காரி ஓரியைப் போரில் வென்று கொன்று, கொல்லியைச் சேரர்க்கு அளித்தான். அரிசில்கிழார் பாடிய பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லியைத் தன் ஆணைக்கீழ்க் கொண்டவன். குலசேகர ஆழ்வாரும் தம்மைக் கொல்லி காவலன் என்றே கூறிக்கொண்டார். வேந்தர் பலர் இம்மலையை உரிமை கொண்டாடினர். ஆயினும், மக்கள் நெஞ்சில் இன்றளவும் நிற்பவன் போரில் தோற்ற ஓரியே. ஆடித் திங்களில் இம்மலையில் எடுக்கப்பெறும் அரசு விழாவும் அவன் பெயராலேயே வழங்குகின்றது. வென்றவனைக் காட்டிலும் கொடுத்தவனே வாழ்வான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அறைப்பள்ளியும் அறப்பள்ளியும்

சைவ உலகிற்கு இத்தலம் வைப்புத்தலம். ஏழாம் நூற்றாண்டினராகிய அப்பர் அடிகள், 'பள்ளி' என முடியும் தலங்களைத் தொகுத்துப் பாடிய திருத்தாண்டகத்தில் சக்கரப்பள்ளி, காட்டுப்பள்ளி, நனிபள்ளி முதலியவற்றோடு கொல்லி அறைப்பள்ளியையும் சேர்த்தருளினார். அறை என்பது பாறை. பாறைகள் நிறைந்த மலையிடத்துப் பள்ளி என அப்பெயர் பொருந்துமாறு காண்க. பிற்காலத்தே அது அறப்பள்ளி என வழங்கலாயிற்று. அம்மையின் திருப்பெயரும் அறம்வளர்த்த நாயகி என்பதாயிற்று. சொல் திரிந்தது, பொருள் குறையவில்லை. பாறையின்மேல் அறம் வளர்ந்தது எனக் கொள்க.

திருஞானசம்பந்தப் பெருமானோடும் இம்மலைக்குத் தொடர்புண்டு. கொல்லி மழவன் என்னும் தலைவன், தன் மகள் முயலகன் என்னும் நோயால் வாட, மருத்துவத்தால் தீராமையின் அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துத் திருக்கோயிலிற் கிடத்தினான். ஆங்கெழுந்தருளிய பிள்ளையார் பதிகம் பாடி அந்நோய் தீர்த்தருளிய வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைப்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் திண்ணைப் பள்ளிகள்தோறும் ஓதப்பெற்று, இத்தலத்துப் பெயரை மலையேறி வாராதார்க்கும் அறிவித்தது.

உழுபடையின் கொழு பட்டமையால் வெளிப்பட்ட சிவலிங்கம் இது என்பது தலவரலாறு. அறுத்துச் சமைத்த மீன்களும் உயிர்பெற்று ஆற்றில் துள்ளின என்பர். அதனாலன்றோ ஐயாற்று மீன்களை வழிபடுவோர் இன்றும் பொரி முதலியன இட்டுப் பேணுகின்றனர்! ஓர் உழவன் கண்டெடுத்த தெய்வம், ஓர் ஆற்றுயிரையும் காக்கச் சொன்ன தெய்வம் என்னும் இவ்விரண்டும் இத்தலத்தின் சாரம்.

பதினான்கு நாடுகள்

இம்மலைக் குடிகள் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்பதே அப்பெயர்க்குப் பொருள். சேரநாட்டு மொழியை அது குறிப்பதன்று. காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. பழந்தமிழ் ஆட்சிப் பிரிவாகிய 'நாடு' என்னும் சொல் சமவெளியில் மறைந்தொழிந்த இந்நாளிலும், இம்மலையின் 14 ஊராட்சிகளும் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு என்றாங்கே வழங்குகின்றன. திருக்கோயில் உள்ளது வளப்பூர் நாட்டில். ஊர்தோறும் கோயிற்காடுகள் உள. அவற்றில் மரம் வெட்டுதல் தெய்வக் குற்றம் என முன்னோர் விலக்கினர்.

இந்நிலை முழுதும் அவ்வாறே நிற்கின்றது என்று கூறுதற்கில்லை. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்பன விளைந்த புன்செய்களை, சவ்வரிசி ஆலைகளின் பொருட்டு மரவள்ளி பெரிதும் கவர்ந்துகொண்டது. உண்ணும் தானியம் விற்கும் கிழங்குக்கு இடம் கொடுத்தது. அலுமினியத்தின் மூலப்பொருளாகிய பாக்சைட்டு வேண்டி மலைமுடிகள் அகழப்பெற்ற காலமும் ஒன்று உண்டு. வருவோர் விட்டுச் செல்லும் நெகிழிக் குப்பை அருவியடி வரை சேர்கின்றது. பொரி இட்டு மீனைப் பேணுவோம் என்று கூறி, அம்மீன் வாழும் நீரைக் கெடுத்தல் எவ்வகை வழிபாடு?

அன்பர்க்கு ஒரு விண்ணப்பம்

கோபுரத்திற்குச் செம்பொன் வேய்தலும், மண்டபம் எடுத்தலும் சிவபுண்ணியங்களே, ஐயமில்லை. அவற்றோடு, கோயிற்காட்டில் ஒரு மரத்தைக் காத்தலும், சுனை ஒன்றைத் தூர்வாருதலும், நிவேதனத்திற்கு மலையில் விளைந்த தினையைக் குடிகளிடம் விலை கொடுத்து வாங்குதலும் சிவபுண்ணியங்களே எனக் கொள்ளல் வேண்டும். இவற்றிற்குக் கல்வெட்டு இராது. கொடுத்தவர் பெயரும் நில்லாது. ஓரியின் மலையில் அது குறையன்று; பெருமை.

பாறையில் அறம் வளர்த்த பெருமான், மலையையும் மலைக்குடியையும், அவற்றை நம்பி வாழும் கீழ்நாட்டுக் கழனிகளையும் இனிது காத்தருள்க. சிவம் பெருகுக; திருவருள் முன்னிற்க.