மெழுகிய கைகள்: சாணம் முதல் எபாக்சி வரை

கச்சிராயபாளையத்தில் பெரியப்பா புது வீடு கட்டியபோது, வந்தவர்கள் எல்லாரும் கடைசியாகப் போய் நின்றது கார் ஷெட்டில்தான். தரை சாம்பல் நிறத்தில் கண்ணாடிபோலப் பளபளத்தது. முகம் பார்க்கலாம். "எபாக்சி போட்டிருக்கேன். டீசல் கொட்டுனாலும் ஊறாது, தொடச்சா போயிடும். இனிமே இதுக்கு வேலையே கெடையாது" என்று பெரியப்பா ஒவ்வொருவரிடமும் சொன்னார். அது பங்குனி மாசம்.

ஐப்பசி மழை முடிந்து நான் ஊருக்குப் போனபோது அந்தத் தரையில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. அம்மை போட்ட முதுகு மாதிரி. காரின் டயர் நிற்கிற இடத்தில் பூச்சு தோலாக உரிந்து டயரோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஆயா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னது: "அடியில ஈரம் இருந்தா எதப் பூசினாலும் நிக்காதுடா. இதுக்கா அம்மாம் பணம்?"

ஆயா சொன்னது வேதியியல் ரீதியாகவும் சரி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது பெரியப்பாவின் வாக்கியம்தான். வேலையே இல்லாத தரை. நம்முடைய தரைகளின் வரலாறே இந்த ஆசையின் வரலாறுதான் என்று தோன்றியது.

ஆயா பிறந்த வீடு மண் தரை. களிமண்ணைக் கொட்டித் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவார்கள். அதன்மேல் சாணியைக் கரைத்துக் கையால் மெழுகுவார்கள். காய்ந்த பிறகு தரை முழுக்க அரைவட்டம் அரைவட்டமாகக் கை வீச்சின் தடம் இருக்கும். கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய மண் வீடுகளிலும் இதே தரைதான்.

இது எவ்வளவு பழைய வேலை என்பதற்குப் புறநானூற்றின் 249ஆம் பாட்டு சாட்சி. கணவனை இழந்த ஒருத்தி, அவனுக்குச் சோறு படைப்பதற்காக முறம் அளவு சின்ன இடத்தைச் சாணத்தால் மெழுகுகிறாள். தண்ணீர் அவளுடைய கண்ணீர். 2000 வருடங்களாகத் தரை மெழுகுவது என்றால் அது ஒரு பெண் குனிந்து செய்கிற வேலை.

மண் தரைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது மூச்சு விடும். கீழிருந்து ஏறுகிற ஈரம் தடையில்லாமல் மேலே வந்து காற்றில் கலந்துவிடும். அதனால் கொப்புளம் வராது. ஆனால் தேயும், வெடிக்கும், புழுதி கிளம்பும். திரும்பத் திரும்ப மெழுகிக்கொண்டே இருக்க வேண்டும். "மண் தரை குளிர்ச்சி, இயற்கை" என்று நான் ஒருமுறை பேசப்போக, ஆயா முறைத்தது. "சாணி மெழுகுனது சொகம்னு எவன் சொன்னான்? வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை இடுப்பு ஒடிஞ்சிது."

வசதியானவர்களின் தரை வேறாக இருந்தது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்போடு வெல்லம், கடுக்காய்த் தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்து, பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல ஆக்குவார்கள். வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்து வியந்து 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்றே பேர் வைத்தார்கள். அந்தப் பளபளப்புக்குப் பின்னால் எத்தனை நாள் எத்தனை பேர் தேய்த்தார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

பிறகு வந்தது சிமென்ட். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 1824இல் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904இல் நம் மெட்ராஸில்தான் நடந்தது, அது நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் நின்றது. சிமென்ட் ஊர்களுக்குள் வர வர, அதோடு இரும்பு ஆக்சைடு என்கிற காவிப்பொடியும் வந்தது. ரெட் ஆக்சைடு தரை என்று இன்று இன்ஸ்டாகிராமில் ஏக்கத்தோடு பகிரப்படுவது அதுதான்.

ஆயா வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் சிவப்புத் தரை போட்ட நாளை இன்னமும் திருநாள் மாதிரி சொல்லும். சிமென்ட் பாலில் காவியைக் கலந்து ஊற்றி, கொத்தனார் கரணையால் இழுத்து இழுத்து மினுக்கேற்றுவார். தொடங்கிய அறையை முடிக்காமல் எழுந்திருக்க முடியாது. நிறுத்தின இடத்தில் திட்டு விழும். காய்ந்ததும் சுற்றிலும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். ஆயாவைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமை வேலை அன்றோடு முடிந்தது. அது பெரிய விடுதலை. ஆனால் வேலை காணாமல் போகவில்லை. சிமென்டில் இருக்கும் குரோமியம் உப்பு, அதைக் கலக்கிற சித்தாளின் கைக்கும் இழுக்கிற கொத்தனாரின் விரலுக்கும் இடம் மாறிப் போனது. ஆறாத சிமென்ட் புண்ணுக்கு அது முக்கியமான காரணம் என்று தெரிந்து, ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமென்டில் கரையும் குரோமியத்தைப் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியது.

எபாக்சியின் கதை தொடங்குவது தரையில் அல்ல, வாயில். சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான் என்ற வேதியியலாளர் பல் மருத்துவப் பொருட்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். பல் செட் செய்ய நல்ல பிசின் தேடிப்போய் 1938இல் எபாக்சிக்குக் காப்புரிமை கேட்டார். பல்லுக்கு அது எடுபடவில்லை. உரிமையை வாங்கிய சிபா நிறுவனம் 1946இல் பாசல் நகரக் கண்காட்சியில் அதைப் பசையாகக் கொண்டுவந்து வைத்தது. பேர் அரால்டைட். அதே 1940களில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பவர் இதே வகைப் பிசினைப் பெயின்ட் தொழிலுக்காக உருவாக்கினார். பல் செட்டுக்குத் தேடியது கார் ஷெட்டுக்கு வந்த வழி இதுதான்.

எபாக்சி நமக்கு அந்நியமான பொருளே இல்லை. இரண்டு டியூபையும் சமமாகப் பிதுக்கித் தீக்குச்சியால் குழைத்து உடைந்த பொம்மையை ஒட்டியிருப்போம். தண்ணீர்த்தொட்டிக் குழாய் ஒழுகினால் எம்-சீலைப் பிசைந்து அடைத்திருப்போம். பிசைகிறபோது கை சூடாகும். பிசினில் இரண்டு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் முக்கோணமாக முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. இன்னொரு டப்பாவில் இருக்கும் அமீன் அந்த முக்கோணத்தை உடைத்துக் கைகோர்க்கும். அந்தச் சேர்க்கையில் வருகிற சூடு அது. வாளி நிறையக் கலந்து வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் வாளியிலேயே கட்டிவிடும். அதனால் கலந்தவுடன் கொட்டி ஓட்டமாகப் பூச வேண்டும். சிவப்புத் தரைக் கொத்தனாரின் அதே அவசரம்.

தொழிற்சாலைகளில் இதை 2, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றுவார்கள். வீட்டு ஷெட்டில் பெரும்பாலும் பெயின்ட் போல உருட்டுகிற பூச்சுதான். கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தத் தோல் நிற்பதும் உரிவதும் அடியில் செய்த வேலையைப் பொறுத்தது. புதுக் கான்கிரீட் குறைந்தது 28 நாள் ஆற வேண்டும். மெஷின் வைத்துத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். எண்ணெய், தூசி இருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஈரம். மண் தரை மூச்சு விட்டது, சிமென்ட் தரை மெதுவாக விட்டது, எபாக்சி விடவே விடாது. கீழிருந்து வருகிற நீராவி முட்டிப் பார்க்கும், வழியில்லை என்றால் தூக்கிவிடும். எங்கள் ஊர் மலையடிவாரம். 46 அடி உயரத்துக்கு நீர் தேங்கும் கோமுகி அணை பக்கத்தில். மழைக்காலத்தில் கிணறெல்லாம் மேலே வந்துவிடும். தளம் போடும்போது அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தால் தப்பித்திருக்கும். யாரும் விரிக்கவில்லை.

அதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு முழத்துக்கு ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விட்டுப் பார்ப்பது. பூச்சு உரிந்த இடத்தில் நான் ஒட்டினேன். மறுநாள் காலையில் தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். பெரியப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசியவர்களைத் திட்டலாம் என்றுதான் போன் போட்டார். இரண்டு பையன்கள் வந்தார்கள், இருபது இருபத்திரண்டு வயசு. ஒருவன் முழுக்கை சட்டை போட்டிருந்தான். டீ டம்ளரை வாங்கும்போது கை விலகியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது. கையுறை இல்லாமலே கலக்குகிறானாம். "இப்ப டப்பாவத் தொறந்தாலே அரிக்குதுண்ணா" என்றான். எபாக்சி பிசினும் அமீனும் தோலுக்கு ஒவ்வாமை உண்டாக்குபவை. ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு மறக்காது. அப்புறம் துளி பட்டாலும் போதும். இந்த வேலையையே விட வேண்டிவரும்.

வேலையே இல்லாத தரை என்று ஒன்று கிடையாது. ஆயாவின் இடுப்பு, கொத்தனாரின் விரல், இந்தப் பையனின் கை. வேலை கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. வீட்டுக்காரரின் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு அது போனதும், இல்லை என்று சொல்லிவிடுகிறோம்.

பெரியப்பா திட்டவில்லை. மிச்சப் பூச்சையும் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் சிமென்டாகவே விடச் சொன்னார். அதற்கும் கூலி கொடுத்தார். கள்ளக்குறிச்சிக்கு ஆளனுப்பி இரண்டு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வரச் சொன்னார். ஆயா அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "தேங்காண்ண தடவுனியா?" என்று கேட்டது. "தடவுனேன் ஆயா, கேக்கல" என்றான்.

இப்போது ஷெட்டில் டீசல் கறை இருக்கிறது. மரவள்ளி மூட்டை இழுத்த கோடு இருக்கிறது. மழைக்காலத்தில் தரை கொஞ்சம் கறுக்கும், தை மாசம் வெளுத்துவிடும்.