தோற்றால் வேலை போகும், ஜெயித்தால் டீம் போகும்!

செல்லூரில் நாலு தறி வைத்துத் தொழில் செய்பவருக்கு என்ன பயம் இருக்கும்? துணி விற்காமல் போவது ஒன்று. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று உண்டு. பக்கத்தில் உட்கார வைத்து வேலை கற்றுக்கொடுத்த ஆள், கைதேர்ந்ததும் கூடுதல் சம்பளம் தரும் பெரிய இடத்துக்குப் போய்விடுவது!

பணம் இல்லாத கால்பந்து கிளப்பின் கோச்சுக்கும் இதே கதைதான். நம்ம தமிழ்நாட்டிலேயே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னை சிட்டி எஃப்.சி.

பெயரில்தான் சென்னை. ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். சென்னையில் ஏற்கனவே அபிஷேக் பச்சன், தோனி பங்குதாரர்களாக இருந்த சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல்.லில் இரண்டு முறை கோப்பை வாங்கியிருந்தது. டிவி, விளம்பரம், நட்சத்திரங்கள் எல்லாம் அந்தப் பக்கம். ஐ-லீக்கில் ஆடிய சென்னை சிட்டியோ 2017-18 பருவத்தில் பத்து அணிகளில் எட்டாவது இடம். போதாக்குறைக்கு, அந்த லீக்கின் சிறந்த நடுக்கள வீரர் விருது வாங்கிய கன்னியாகுமரிக்காரர் மைக்கேல் சூசைராஜையும் ஐ.எஸ்.எல். கிளப்பான ஜாம்ஷெட்பூர் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இந்த நிலையில்தான் 2018-ல் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச் ஆனார்.

எதிரில் யார் யார்? கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான். அந்த வருடம்தான் ஈஸ்ட் பெங்காலில் குவெஸ் நிறுவனம் 70 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. உலகக் கோப்பையில் கோஸ்டா ரிகாவுக்கு ஆடிய ஜானி அகோஸ்டா வந்தார். ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணிக்குப் பயிற்சி கொடுத்த அலெஹாந்த்ரோ மெனெண்டஸ் கோச்சாக வந்தார்.

சென்னை சிட்டி என்ன செய்தது? பெரிய பெயர்களைத் தேடவில்லை. ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த, யாரும் கவனிக்காத ஆட்களைக் கொண்டுவந்தது. பெத்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ... கூடவே எட்வின், ரொமாரியோ, அஜித்குமார் போன்ற உள்ளூர்ப் பையன்கள். பந்தைக் காலில் வைத்துப் பாஸ் செய்து ஆடும் ஆட்டம். மான்சி மட்டும் 21 கோல்!

2019 மார்ச் 9. கடைசி நாள். சென்னை சிட்டிக்கு 40 பாயிண்ட், ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் நவாஸின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பருவம் முழுக்கப் பட்ட பாடு 45 நிமிடத்தில் போய்விடலாம். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தேவிட்டது. கோவையில் டிரா ஆகியிருந்தால்கூட கோப்பை கல்கத்தாவுக்குத்தான்! 43-42. தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் பட்டம்.

சுபம் போட்டுவிடலாமா? இல்லை. உண்மையான கஷ்டம் இதற்கு அப்புறம்தான்.

நெஸ்டர் ஹைதராபாத் போனார். ரொமாரியோ கோவா போனார். எட்வின் சென்னையின் போனார். 2020 ஜனவரியில் மான்சி ஜப்பான் போனார். சாம்பியன் ஆனால் மேல் லீக்குக்குப் போகலாமே என்று கேட்கலாம். அப்போது அந்த வழியே கிடையாது. மாறாக, அதே 2019-ல் ஐ.எஸ்.எல். நாட்டின் முதல்நிலை லீக்காக அறிவிக்கப்பட்டது. ஜெயித்த லீக் இரண்டாம் நிலையானது. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே போகும் வழி திறந்தது 2022-23 பருவத்தில்தான். ஸ்விட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியும் பயனில்லை. 2020-ல் நவாஸ் விலகினார். 2020-21 பருவத்துக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை.

இது கோவையில் மட்டும் நடந்ததா? 2016-17-ல் மிசோரமின் ஐசால் கிளப்பை மோகன் பகானைவிட ஒரே பாயிண்ட் அதிகம் எடுத்து சாம்பியன் ஆக்கினார் காலித் ஜமீல். அடுத்த பருவமே அவரை ஈஸ்ட் பெங்கால் கூட்டிக்கொண்டது. அங்கே ஐ-லீக் கோப்பை வரவில்லை, ஒரே பருவத்தில் வெளியே வந்தார். (2025-ல் அவர் இந்திய அணிக்கே கோச் ஆனது வேறு கதை.) இங்கிலாந்தில் 2016-ல் லெஸ்டரை சாம்பியன் ஆக்கிய ரனியெரியின் டீமிலிருந்து காண்டேவை செல்சி வாங்கிக்கொண்டது. 2017 பிப்ரவரியில் ரனியெரிக்கு வேலையும் போனது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். திறமையான ஆட்கள் ஒரு நிறுவனத்தின் பெரிய சொத்து. ஆனால் அதை பேலன்ஸ் ஷீட்டில் எழுத முடியாது, பூட்டி வைக்கவும் முடியாது. கோச் அந்தச் சொத்தை உருவாக்குகிறார், விலை போட்டு எடுத்துக்கொள்வது பணக்காரக் கிளப். அடுத்த பருவம் கோப்பை வராவிட்டால் கேள்வி மட்டும் கோச்சிடம்!

அதனால் ஏழை அணியின் கோச்சை எத்தனை கோப்பை என்று மட்டும் எடை போடக்கூடாது. அவர் கையில் தேறியவர்கள் எத்தனை பேர் பெரிய அணிகளில் ஆடுகிறார்கள் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அக்பர் நவாஸின் கணக்கு லாபமா, நஷ்டமா? நீங்களே சொல்லுங்கள்.