கடாரத்து மண்ணும் நிலவரைபடமும்

கெடாவின் ஜெராய் மலையடிவாரத்தில், மெர்போக் ஆற்றையொட்டிப் பரந்துள்ள பூஜாங் பள்ளத்தாக்கே சோழர் மெய்க்கீர்த்தி கூறும் கடாரம் என்பர் அறிஞர். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரன் படை தாக்கிய அம்மண்ணில், பிற்காலத்தே இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன.

1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயர் அங்கே ‘சண்டி’ எனப்படும் பழங்கோயில்கள் பலவற்றின் அடித்தளங்களை அகழ்ந்து கண்டார். அவ்வட்டாரத்துப் புக்கிட் பத்து பகாட் சண்டி 1960ஆம் ஆண்டளவில் மீண்டும் எழுப்பப்பெற்று, இன்றும் நிலைத்து நிற்கிறது. தனியார் நிலத்திலிருந்த 11ஆம் எண் சண்டிக்கோ அப்பேறு வாய்க்கவில்லை. வீடமைப்புக்காக நிலம் சமன்செய்யப்பட்டபோது அது இடிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளிவந்தது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இலேயே இயற்றப்பட்டிருந்தும், அத்தலம் அரசிதழில் பதிவு பெறாதிருந்தது.

நிலவரைபடத்தில் இடம்பெறாத வரலாறு மண்வாரி இயந்திரத்தின்முன் நில்லாது. தோட்டங்கள் நகரங்களாக மாறுங்கால், சாலையும் மனையும் வகுக்குமுன் முன்னோர் தடங்களைக் குறித்தல் வேண்டும்.